கையெழுத்துப் போட யார் வருவார்?



"ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிறார்களாம்... வாழ்ந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கல்யாணம், சட்டம் எல்லாம் எதற்கு?" என்று இந்தப் பகுதியில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. மனதில் பட்டதைக் கேட்டிருந்தார். நானும் என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

கல்யாணம் எதற்கு என்று நமக்குத் தெரியாதா என்ன? பட்டுப்புடவையும் பந்தியும் ஒரு நாள் கூத்து. மறுநாளிலிருந்து ரேஷன் கார்டில் பெயர், ஆஸ்பத்திரியில் கையெழுத்து, வீட்டில் பங்கு, அவர் காலத்துக்குப் பிறகு பென்ஷன்... இத்தனையும் நாம் கேட்காமலே வந்து சேர்கிறது. கேட்காமல் கிடைப்பதற்கு அருமை தெரியாதுதானே!

எங்கள் தெருக்கோடி வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் ஸ்கூல் டீச்சர். இன்னொருவர் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். முப்பது வருஷத்துக்கும் மேல் ஒரே வீடு, ஒரே அடுப்பு. பெரியம்மா மகள், சித்தி மகள் என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவர்களும் மறுத்ததில்லை. டீச்சர் சம்பளத்தில் வீடு கட்டினார்கள். தையல் காசில் கதவும் ஜன்னலும் போட்டார்கள். பத்திரம் மட்டும் டீச்சர் பெயரில்.

ஒரு நாள் விடியற்காலை டீச்சருக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து நானும்தான் கூடப் போனேன். அவசரமாக ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பாரத்தை நீட்டிய பெண், "நீங்க யாரும்மா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணாதாம்மா இருக்கோம்..."

"அது சரிம்மா, உறவு என்ன? ரத்த சொந்தம் யாராச்சும் வரச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கையிலிருந்த பாரத்தில் அப்படித்தான் கட்டம் போட்டிருந்தது. டீச்சருக்கு என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் ஓரமாக நிற்க, பதினைந்து வருஷமாக வாசல் மிதிக்காத தம்பி மத்தியானம் வந்து கையெழுத்துப் போட்டார். டீச்சர் பிழைக்கவில்லை. உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தம்பி வந்து வீட்டுச் சாவியைக் கேட்டார்.

உயில் இல்லை. கல்யாணம் ஆகாத பெண் உயில் எழுதாமல் போய்விட்டால், பெற்றோரும் இல்லாதபோது அப்பா வழி வாரிசுகளுக்குத்தான் சொத்து போகும். சட்டப்படி தம்பி செய்தது சரி!

சாமான் கட்டும்போதுதான் அந்த அக்கா என்னிடம் சொன்னார். "நாங்க அக்கா தங்கச்சி இல்லம்மா. நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படியோ அப்படித்தான் நாங்க இருந்தோம்." நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றினோம். அவர் தாலி கட்டிய மனைவியாக இருந்திருந்தால் அந்தச் சாவியை யார் கேட்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

இவர்களுக்குத் "தன்பாலீர்ப்பாளர்" என்று இப்போது நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அதற்கு முன் நம் ஊரில் புழங்கிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முதலில் புரிய வேண்டும் என்று ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உத்தரவு போட்டார். அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது. இப்படிப்பட்டவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் செய்வதற்கும் அதில் தடை போட்டார்.

சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கல்யாணம்? 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அது எங்கள் கையில் இல்லை, பாராளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டது. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகிவிட்டன.

"இது நம் வழக்கத்தில் இல்லையே" என்று அந்தச் சகோதரி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம்தான் வந்தது. அவருக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணம். ஐயர் இல்லை, அக்னி இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், நாலு பேர் மேடையில் பேசினார்கள், அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு கல்யாணமா?" என்று சொந்தக்காரர்கள் கை நனைக்காமல் போனார்களாம். அவர்கள் மட்டுமா? சென்னை உயர் நீதிமன்றமே 1953-ல் ஒரு வழக்கில், சடங்கு இல்லாத இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. அதைக் கேட்டு என் பாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடவில்லை! தாத்தாவுக்குச் சோறு பொங்கினார், நாலு பிள்ளை பெற்றார். அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். அதற்கு முன்னால் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதினார்கள். பாட்டி சொல்வார்: "கல்யாணம் பண்ணி இத்தனை வருஷம் கழிச்சு கவர்மென்ட்டு வந்து என்னை உங்க தாத்தா பொண்டாட்டின்னுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் நடுவிலே தாத்தாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன கதி என்று அவருக்குத் தெரியும்.

குழந்தை பிறக்காதே என்கிறார்கள். பிள்ளையில்லாத தம்பதிகளின் கல்யாணத்தை யாரும் ரத்து செய்வதில்லையே. அறுபது வயதில் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகிறவர்களிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே. மேல்நாட்டுச் சமாசாரம் என்றால், தைவானில் 2019-லிருந்தும் தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்தும் இந்தத் திருமணத்துக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டும் ஆசியாவில்தான் இருக்கின்றன.

நம் நாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறக்கிறது. இப்படிச் சேர்ந்து வாழ்பவர்களை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகச் சேர்க்க வேண்டும், பாங்க்கில் ஜாயின்ட் அக்கவுன்ட் திறக்கத் தடையில்லை, துணையை நாமினியாகப் போடலாம் என்று மத்திய அரசு 2024-ல் தெளிவுபடுத்தியது. நெருங்கிய உறவினர் வராவிட்டால் உடலை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. (வந்துவிட்டால்? தம்பி வந்தது மாதிரி!) 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லி, வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு 25 வயதுப் பெண்ணைத் தன் விருப்பப்படி வாழ அனுப்பி வைத்தது.

உங்கள் தெருவிலும் இப்படி இரண்டு பேர் இருக்கலாம். துருவிக் கேட்க வேண்டாம். பேச்சோடு பேச்சாக ஒன்றை மட்டும் காதில் போட்டு வையுங்கள். வெள்ளைப் பேப்பரில்கூட உயில் எழுதலாம், இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் போதும், ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை. வீட்டை அப்படிக் காப்பாற்றிவிடலாம். குடும்ப பென்ஷனை மட்டும் யாரும் உயில் எழுதிக் கொடுக்க முடியாது. சட்டம் யாரைக் குடும்பம் என்கிறதோ அவர்களுக்குத்தான் அது.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்