உங்களுக்குத் தெரியுமா? சில நிமிட அமைதியில் ஒரு முக்குளிப்பு

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலுள்ள நக்வாக்டோ நீரிணை, உலகின் அதிவேக ஓத நீரோட்டம் பாயும் இடங்களுள் ஒன்று. நீண்ட சீமோர் கடற்கழிக்கு இந்தக் குறுகிய வாசல் வழியாகவே நீர் வந்துபோக வேண்டும். அதனால் உச்சத்தில் மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகத்தில் பாய்கிறது.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர் ஓய்ந்து நிற்பது சில நிமிடங்களே. முக்குளிப்போர் அந்த இடைவேளையை ஒட்டித்தான் இறங்குகின்றனர். வெளிக்கடலில் ஓதம் உச்சம் தொடும் நேரமும் இங்கே நீர் ஓயும் நேரமும் ஒன்றல்ல. எனவே ஓத அட்டவணையை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து, நீரோட்ட அட்டவணையும் வேண்டும். படகு நங்கூரமிடாமல், எஞ்சின் ஓடியபடியே காத்திருக்கும். குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தை விரைவாக உறிஞ்சுவதால், உள்ளே நீர் புகாத டிரை சூட் அணிவது வழக்கம்.

இத்தனை பாடும் வீணல்ல. வேகமான ஓட்டம் இரையைக் கொண்டுவந்து கொட்டுவதால், பாறையில் உயிரினங்கள் ஒட்டாத வெற்றிடமே இல்லை. அவற்றுள் அழகானவை, நீண்ட தண்டில் நிற்கும் கொட்டலசுகள். வேறிடங்களில் கருமை காட்டும் அவற்றின் ஓட்டுத் திறப்பின் சதை விளிம்பு, இங்கே உதட்டுச் சாயம் பூசியதுபோலச் செக்கச் செவேல் என்றிருக்கும். கருநிறமி குறைவதால், குருதியின் ஹீமோகுளோபின் வெளியே தெரிகிறது.