உஷார்! சூட்கேஸில் வந்த வயிற்று மாத்திரை

மகளுக்குப் பிரசவம். எடிசனுக்கோ ஃப்ரீமாண்ட்டுக்கோ ஃபிரிஸ்கோவுக்கோ அம்மா கிளம்பி வருகிறார். சூட்கேஸில் பருப்புப்பொடி, பிரசவ லேகியம், அதோடு ஆறு மாதத்துக்கு வேண்டிய மாத்திரைப் பை. அமெரிக்காவில் டாக்டரைப் பார்க்கப் போனால் என்ன செலவாகுமோ என்ற பயத்தில் ஊர் மெடிக்கலில் சொல்லி வாங்கியது: வாயுத் தொல்லைக்கு பான்-டி, நெஞ்செரிச்சலுக்கு ரான்டாக், வயிற்றுப்போக்குக்கு நார்ஃப்ளாக்ஸ்-டிஇசட். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பைக்குள் இருக்கும் ஆபத்து, செலவை விடப் பெரியது.

மூன்றாவது வாரம் அம்மாவுக்கு இருமலும் காய்ச்சலும் என்று வைத்துக்கொள்வோம். அர்ஜென்ட் கேருக்குக் கூட்டிப் போகிறீர்கள். “என்னென்ன மருந்து எடுத்துக்கிறாங்க?” என்று நர்ஸ் கேட்கிறார். “பிபி, சுகர் மாத்திரை மட்டும்தான்” என்கிறீர்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்-டியை அம்மாவும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்? டாக்டர் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதித் தருகிறார். அன்று ராத்திரி இரண்டு மாத்திரையும் ஒரே உடம்புக்குள் சந்திக்கின்றன.

பான்-டி என்பது ஒரு மருந்து அல்ல, இரண்டு. அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் 40 மி.கி., குமட்டலுக்கான டோம்பெரிடோன் 30 மி.கி. இதில் டோம்பெரிடோனை மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதுவரை அங்கீகரித்ததே இல்லை. தாய்ப்பால் அதிகம் சுரக்க வேண்டும் என்று பெண்கள் இதை வாங்கிச் சாப்பிடுவதைக் கண்டு 2004 ஜூனிலேயே இதய ஆபத்தைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. பிரசவ வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ‘பால் ஊறும்’ என்று பாட்டியின் பையிலிருந்து ஒரு மாத்திரைகூட மகளுக்குப் போகக் கூடாது.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்குத் தயாராக இதயம் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். ஈசிஜியில் அதை கியூடி இடைவெளி என்பார்கள். டோம்பெரிடோன் அதை நீட்டக்கூடியது. அசித்ரோமைசினும் நீட்டக்கூடியது, அதற்கு எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வந்தது 2013 மார்ச்சில். அதே வகை ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் இன்னும் மோசம், டோம்பெரிடோனை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறவும் விடாது. எல்லோருக்கும் ஆபத்து வந்துவிடாதுதான். ஆனால் அறுபதைத் தாண்டியவர், ஏற்கெனவே இதயக் கோளாறு உள்ளவர், வயிற்றுப்போக்கிலோ நீர் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்தவர் என்றால் துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழலாம், உயிரே போகலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் டோம்பெரிடோனுக்கு வரம்பு கட்டியது: பெரியவர்களுக்கு நாளுக்கு அதிகபட்சம் 30 மி.கி., பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நம் வீடுகளில் வருடக்கணக்கில் ஓடுகிறது!

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். ஒன்றுக்கொன்று ஒத்துவராத மருந்துகளை அமெரிக்க ஃபார்மசியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துத் தடுத்துவிடும் என்று நம்புகிறோம். உண்மைதான், ஆனால் அதில் பதிவான மருந்துகளை மட்டும்தான் அது பார்க்கும். சூட்கேஸில் வந்தது அதன் கண்ணுக்குத் தெரியாது.

அப்பாவின் கதை வேறு. வயிறு கலங்கியதும் யாரையும் கேட்காமல் நார்ஃப்ளாக்ஸோ சிப்ரோஃப்ளாக்சசினோ போட்டுக்கொள்வார். இந்தக் குடும்பத்து மருந்துகளால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோகலாம் என்று 2008-லேயே எஃப்.டி.ஏ.வின் மிகக் கடுமையான ‘கறுப்புப் பெட்டி’ எச்சரிக்கை வந்துவிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம் என்று 2018-ல் இன்னொரு எச்சரிக்கை. சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு போடும் அப்பாவுக்கு அது நடுராத்திரியில் நடந்தால் யார் கவனிப்பார்கள்? இத்தனைக்கும் மருந்து வேலை செய்யாமலே போகலாம். தெற்காசியாவின் வயிற்றுக் கிருமிகள் பல இந்த மருந்துகளுக்கு மசிவதில்லை. ஆன்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள் என்று இந்திய மருத்துவர்கள் கூடி சென்னைப் பிரகடனம் வெளியிட்டது 2012-ல். ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு காய்ச்சலோடு பேதி என்றால், ‘இந்தியா போய் வந்தேன்’ என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

டாக்டரே சிப்ரோ எழுதித் தந்தாலும், நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் ஜெலுசிலோடு சேர்த்து விழுங்காதீர்கள். அதிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; 90 சதவீதம் வரை ரத்தத்தில் ஏறாமல் போகலாம். ஜெலுசிலுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் சிப்ரோ. மோரிலும் பாலிலும் மாத்திரையை விழுங்கும் பழக்கம் நமக்கு உண்டு. சிப்ரோவுக்கு அது ஆகாது, வெறும் தண்ணீர்தான்.

என் வீட்டுப் பையையும் மேசையில் கொட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு ரான்டாக் அட்டை கிடந்தது. அதிலுள்ள ரானிடிடினில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ சேர்கிறது என்று 2020 ஏப்ரல் 1 அன்று எஃப்.டி.ஏ. அமெரிக்கக் கடைகளிலிருந்து அதை எடுக்கச் சொன்னது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ, முடிந்த சில வாரங்களிலோ ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் அது சாதாரணப் பேதி இல்லாமல் சி.டிஃப் கிருமியாக இருக்கலாம். பல் டாக்டர் தரும் கிளிண்டமைசினுக்கு இது பேர்போனது. பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளும் வாய்ப்பைக் கூட்டலாம் என்று 2012-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அமெரிக்காவில் 2017-ல் மட்டும் சுமார் 12,800 பேர் இதனால் இறந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் கணக்கு. லோபெராமைடு போட்டுப் பேதியை அடைத்துவிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ஹேண்ட் சானிடைசருக்கு இந்தக் கிருமியின் வித்து சாகாது. குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இன்றைக்கே பையைக் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும், சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர் தெரியும்படி போட்டோ எடுங்கள். பிராண்டு பெயர் அமெரிக்க நர்ஸுக்குப் புரியாது. அந்தப் போட்டோவை டாக்டரிடம் காட்டுங்கள், ஃபார்மசிஸ்ட்டிடமும் காட்டுங்கள்; அவரிடம் கேட்கக் காசு கிடையாது. நாள்பட எடுக்கும் மாத்திரையைப் பயந்து நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசமாகத் தருவது அவர்கள் கடமை. மாத்திரை மாறிப் போனது, சேர்த்துப் போட்டது என்றால் நச்சு உதவி மையத்தை (Poison Control) அழையுங்கள்: 1-800-222-1222, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். படபடப்போடு கண் இருட்டினால், மயங்கினால் 911. ஆம்புலன்ஸ் வந்ததும் மாத்திரைப் பையையும் கூடவே ஏற்றுங்கள்.