பேயிடம் போன வழக்கு

2011 ஜூலையில் வெளிவந்த ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ படத்தில், மருத்துவமனை கட்டுவதற்காகத் திருநங்கை ஒருவர் வாங்கிய நிலத்தை ஒரு சட்டமன்ற உறுப்பினர் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றுவிட, அவர் ஆவியாகத் திரும்பிவந்து பழி தீர்க்கிறார். அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் நில அபகரிப்புப் புகார்கள் பெரிதாகப் பேசப்பட்டிருந்தன. ஆட்சிக்கு வந்த புதிய அரசு அதற்கெனக் காவல்துறையில் தனிப்பிரிவுகளையே அமைத்தது. ஆகவே, அரங்கில் அமர்ந்தவர்களின் கோபம் படம் உண்டாக்கியதன்று. அவர்கள் வெளியிலிருந்தே கொண்டுவந்தது.

அந்தக் கோபத்தைப் படம் என்ன செய்தது என்பதே கேள்வி. வில்லன் கோயிலுக்குள் ஓடி ஒளிய, வாசலில் தடுக்கப்பட்ட ஆவி தெய்வத்திடம் கதறி முறையிட்டு, உள்ளே போக வழி பெறுகிறது. சிவப்புச் சேலை, விரிந்த கூந்தல், முழங்கும் தாளம் எனச் சாமியாட்டத்தின் சாயல்கள் எல்லாம் சேர்ந்தபின் அங்கே நடப்பது கொலையாகத் தோன்றுவதில்லை, வழிபாடாகத் தோன்றுகிறது. வன்முறையின் வலியை நீக்கி, நிறத்தாலும் அசைவாலும் அதை இரசிக்கத்தக்கதாக மாற்றும் இவ்வித்தையே வன்முறையின் அழகியலாக்கம் எனப்படுகிறது. வன்முறையைப் போற்றவோ நியாயப்படுத்தவோ கூடாதென்று 1991ஆம் ஆண்டின் தணிக்கை வழிகாட்டுதல்கள் கூறினாலும், கொல்வது பேய் என்றால் கேட்பார் யார்?

தமிழ் மரபின் பழைய பேயான பழையனூர் நீலி இவ்வாறு செய்யவில்லை. கணவனால் கொலையுண்ட அவள், கள்ளிக் கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் சுமந்துகொண்டு ஊர் அவையில்தான் வழக்குரைக்கிறாள். கணவனை அவளோடு அனுப்பிய பிழையான தீர்ப்புக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகின்றனர். அக்கதையில் பேயையும்விட அச்சுறுத்துவது அவையின் பொறுப்பு. ‘காஞ்சனா’விலோ அவையே இல்லை.

பாசிசம் மக்களின் உணர்ச்சிக்கு வடிகால் தந்துவிட்டு உடைமை உறவுகளைத் தொடாமல் விடுகிறது என ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதினார். பேய்ப்படத்தைப் பாசிசம் என்பது மிகை. ஆயினும் நிலம் மீள்வது தீர்ப்பாலன்றிக் கொலையால் என்று காட்டி, குடிமகனின் கேள்வியைக் கைதட்டலில் கரைத்துவிடும் அளவில் ‘காஞ்சனா’வும் அதே வேலையைச் செய்கிறது.

திரைக்கு வெளியிலோ, கடலோர ஊரான ஜெகதாப்பட்டினத்து மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு, விசைப்படகுகளும் பறிபோய் நிற்கும்போது எந்த ஆவியும் வருவதில்லை. மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு போகவேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம்தான்.