நரம்பு வலி – 5: பாதி குறைந்தாலே வெற்றி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வீதியில் அலுவிகாரையைத் தாண்டிப் பலாபத்வலப் பக்கம் வந்தால், இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள்தான். வேன் வந்து நின்றதும் வழிகாட்டி மிளகுக் கொடி, கறுவா, கராம்பு, சாதிக்காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போவார். கடைசியில் ஒரு கொட்டிலில் உட்காரவைத்து வெள்ளைக்காரரின் தோளில் தைலம் தேய்ப்பார்கள். வாதத்துக்கு, மூட்டுக்கு, நரம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அலமாரியில் போத்தல் இருக்கும். இந்தப் பக்கத்தில் மிளகு பறிக்கிறவர்களும் வேன் ஓட்டுகிறவர்களும் இரவில் கால் எரிந்தால் முதலில் தேடுவதும் தைலம்தான். அடுத்தது பனடோல். இரண்டும் கைவிட்ட பிறகுதான் மாத்தளை ஆஸ்பத்திரி கிளினிக் ஞாபகத்துக்கு வரும்.

தைலத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். தேய்ப்பதில் விஷயம் இருக்கிறது. முதுகுத்தண்டுக்குள் வலிச் செய்தி மேலேறும் இடத்தில் ஒரு கதவு இருப்பதாகவும், தொடுகைச் செய்தி வந்தால் அது கொஞ்சம் சாத்திக்கொள்வதாகவும் 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நம்மையறியாமல் தேய்த்துவிடுகிறோமே, அதன் காரணம் இதுதான். கையை எடுத்ததும் கதவு மறுபடி திறந்துகொள்ளும் என்பதுதான் சங்கடம். தைலத்தோடு சேர்த்துச் செய்யும் வெந்நீர் வைத்தியத்தைப் பற்றித்தான் எனக்குப் பயம். சீனி வருத்தத்தில் உணர்வு மங்கிப்போன காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் போட்ட பிறகே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

நரம்பு வலியை அதன் பேச்சிலேயே அடையாளம் காணலாம். "மிளகாய் பூசின மாதிரி எரியுது", "கரண்ட் அடிக்குது", "பெட்ஷீட் பட்டாலே தாங்க முடியல", "விறைச்சுப் போயிருக்கு, ஆனா வலிக்குது." அடிபட்ட இடம் மூளைக்குச் செய்தி அனுப்புவது சாதாரண வலி. செய்தி கொண்டுபோகும் நரம்பே பழுதாகி, ஒன்றும் நடக்காதபோதும் கத்திக்கொண்டிருப்பது நரம்பு வலி. சீனி வருத்தம், அக்கி வந்து ஆறிய இடம், இடுப்பில் நசுங்கிய நரம்பு, தொழுநோய் என்று அதற்குக் காரணங்கள் பல. பனடோலுக்கும் டைக்ளோஃபெனக்குக்கும் இங்கே பெரிதாக வேலையில்லை. வேலை செய்யாத டைக்ளோஃபெனக்கை மாதக்கணக்கில் போட்டு வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

வேலை செய்யும் மருந்துகளோ வேறு வருத்தங்களுக்காக வந்தவை. அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காபாபென்டினும் கார்பமசெபினும் வலிப்புக்கு வந்தவை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கிளினிக்கில் டொக்டர் எழுதிய துண்டைக் கொண்டுபோய்க் குளிசை வாங்கி வந்ததும், பக்கத்து வீட்டில் யாராவது பெயரை வாசித்துவிட்டு, "இது மண்டைக்குக் கொடுக்கிற குளிசை இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். அன்றோடு அது அலமாரிக்குப் போய்விடும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவே வலிக்குப் போதும் என்பதையும், மனம் நன்றாக இருப்பவருக்கும் வலியில் அது வேலை செய்கிறது என்பதையும், அந்தத் துண்டை நீட்டும்போதே சொல்ல ஒரு நிமிஷம் போதும். கிளினிக் வரிசையைப் பார்த்தால் அந்த ஒரு நிமிஷம் கிடைக்காததும் புரிகிறது.

அமிட்ரிப்டிலினைப் பெரும்பாலும் இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். உதவுகிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். பக்கவிளைவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் நாளே வாய் வறளும், காலையில் தலை கனக்கும், மலம் இறுகும். வலி குறையவில்லை, தூக்கம்தான் வருகிறது என்று பலர் இரண்டாம் வாரத்தில், சரியாகப் பலன் வரப்போகும் நேரத்தில், நிறுத்திவிடுகிறார்கள். பத்து மணிக்குப் போடுவதை எட்டு மணிக்குப் போட்டாலே காலை மயக்கம் பலருக்குக் குறையும். ஏணி வைத்து மிளகு பறிப்பவரும் கராம்பு மரம் ஏறுபவரும் வாகனம் ஓட்டுபவரும் தங்கள் தொழிலை முதல் நாளே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் கழிக்கச் சிரமம் இருப்பவர்களும் அப்படித்தான்.

எவ்வளவு குறையும்? இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. 2015இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, வெற்றுக் குளிசையால் கிடைக்கும் பலனைக் கழித்துப் பார்த்தால், அமிட்ரிப்டிலின் வகையை ஏறக்குறைய நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வலி பாதியாகும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான பிரிகாபலினுக்கு அந்தக் கணக்கு ஏறக்குறைய எட்டுப் பேர். அதாவது முதல் மருந்து பிடிக்காமல் போவது சாதாரணம். மாற்றிப் பார்ப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான். பத்துக்கு எட்டாக இருந்த வலி நான்காகி, இரவில் நான்கு மணித்தியாலம் சேர்ந்து தூங்க முடிந்தால், இந்த நோயில் அதுதான் வெற்றி. முழுவதும் போகும் என்று வாக்குக் கொடுப்பவரிடமிருந்து தள்ளி இருங்கள், அவர் போத்தல் விற்றாலும் துண்டு எழுதினாலும்.

கார்பமசெபின் முகத்தில் மின்னலாய் வெட்டும் வலிக்கு முதல் மருந்து. அதைப் போடும்போது தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிரிகாபலினின் கதை வேறு. வடக்கிலும் கிழக்கிலும் 'போதை மாத்திரைகளுடன் இளைஞர் கைது' என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அது. பிரித்தானியா 2019 ஏப்ரலிலிருந்து அதைக் கட்டுப்பாட்டு மருந்தாக்கிவிட்டது. இதனால் உண்மையான நோயாளிக்கு இரண்டு பக்கமும் இடி: பாமசியில் சந்தேகப் பார்வை, வீட்டில் பயம். சொல்லித் தந்த அளவில் போடுபவர் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். குறைப்பதும் படிப்படியாகத்தான். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வில்கமுவப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய ஊர்கள் உள்ள மாவட்டம் இது. இங்கே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்காமல் அளவை ஏற்றுவது சரியில்லை.

"போன மாசம் சிவப்பு, இந்த மாசம் வெள்ளை, இது வேலை செய்யல" என்பது இன்னொரு முறைப்பாடு. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று பாடுபட்டவர். அப்படிப் பொதுப்பெயரில் கொடுக்கும்போது, கம்பனி மாறினால் நிறம் மாறும். உறையில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் நிறத்தை மறந்துவிடலாம்.

மிளகாய் பூசின மாதிரி எரிகிறது என்பவருக்கு மிளகாயின் காரச் சத்தான கப்சைசினே மருந்தாவதும் உண்டு. 8 சதவீதப் பட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு மணித்தியாலம் வரை ஒட்டி எடுத்தால், சிலருக்கு மூன்று மாதம் வரை எரிவு தணிகிறது. கப்சைசினை வைத்து வலியுணரும் வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. இதை வாசித்துவிட்டு வீட்டில் மிளகாய் அரைத்துப் பூசிவிடாதீர்கள்.

சீனி வருத்தத்துக்குப் பல வருஷமாக மெட்ஃபோர்மின் போடுபவர்கள் அடுத்த கிளினிக்கில் ஒன்றைக் கேளுங்கள்: "டொக்டர், எனக்கு பி12 பார்க்க வேணுமா?" மெட்ஃபோர்மின் அந்தச் சத்தைக் குறைக்கக்கூடியது. பி12 குறைந்தாலும் கால் இதே மாதிரிதான் எரியும், விறைக்கும். அப்படியென்றால் வைத்தியமே வேறு. நீங்களாகவே விற்றமின் குளிசை வாங்கி அள்ளிப் போடுவதும் வேண்டாம். பி6 நெடுநாள் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

(தொடரும்)