கடலில் அடக்கியது கரையில் பேசும்

தென்மேற்குப் பருவக்காற்று தலைகாட்டினால் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். செப்டம்பரில் தொடங்கும் ஓட்டம் மே மாதத்தோடு முடிந்துவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கச்சான் காற்றும் கடல் கொந்தளிப்பும்தான். மரத்தோணி ஓடுகிற காலம் இல்லை அது. பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் கலப்பத்து வேலை, ரிப்பேர், வண்ணப் பூச்சு என்று தோணிக்கு வைத்தியம் நடக்கும். தோணியில் போன மனுஷர்களும் அப்போதுதான் வைத்தியரைத் தேடி வருவார்கள்.

வந்ததும் நோயைச் சொல்வார்களா? மாட்டார்கள். முதலில் சீசன் கதைதான். மாலத்தீவின் மாலே துறைமுகத்துக்குப் போகிற வழியில் பிடித்த காற்று, லட்சத்தீவில் சரக்கு இறக்கிய வேகம், வலையே போடாமல் தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன்... "டாக்டரய்யா, இந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் கெடையாது பாத்துக்கிடுங்க" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள்!

நான் குறுக்கே பேசுவதில்லை. ஏனென்றால், நாடி பார்ப்பதற்கு முன்பே பாதி நோய் அந்தக் கதைக்குள் வந்துவிடும். அவர்கள் பெருமையாகச் சொல்கிற ஒவ்வொரு சம்பவத்திலும் உடம்பு கேட்ட எதையோ ஒன்றை அடக்கி வைத்திருப்பார்கள்.

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று பதினான்கைச் சொல்வோம். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவை உடம்பு நமக்கு அனுப்புகிற தந்திகள். வந்தவுடன் பதில் சொல்லிவிட வேண்டும். அடக்கினால், அடக்கிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நோய் வரும் என்பது நம் பெரியவர்கள் கண்ட அனுபவம்.

கடலில் போகிறவனுக்கு இது எப்படி முடியும்? சுக்கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறபோது தூக்கம் வந்தால் அடக்கத்தான் வேண்டும். அது அவர்கள் தப்பு இல்லை, தொழிலின் தன்மை. ஆனால் கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தையே தொடர்வதுதான் வினை.

தூக்கம்

"மாலேயிலிருந்து திரும்பும்போது ரெண்டு ராத்திரி கண்ணை மூடலை" என்று ஒருவர் மார்தட்டினார். தூத்துக்குடியிலிருந்து மாலே ஏறக்குறைய 400 கடல் மைல். காற்றையும் எஞ்சினையும் பொறுத்து மூன்று நான்கு நாள் ஓட்டம். கடல் முரண்டு பிடித்தால் முறை வைத்துத் தூங்குவதெல்லாம் நடக்காது.

2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் நம் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் கேரளத்துத் தில்னா, இன்னொருவர் புதுச்சேரிக்காரரான ரூபா அழகிரிசாமி. இடையில் நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, 2025 மே 29-ஆம் தேதி ஊர் திரும்பினார்கள். எட்டு மாதம், இரண்டே பேர். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் விழித்திருந்தாக வேண்டும். இப்படிப்பட்ட பயணங்களில் துண்டு துண்டாகத் தூங்குவதையே ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கத்தையும் தண்ணீர், சோறு மாதிரி கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறார்கள். நம் தோணிக்காரர்கள் அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை.

விளைவு? கரைக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு தட்டும். எரிச்சல், தலைபாரம், சாப்பாட்டில் வெறுப்பு. "வந்ததிலிருந்து எதுக்கெடுத்தாலும் சிடுசிடுன்னு விழுறாவ" என்று வீட்டுக்காரம்மா சொல்வார். அது கோபம் அல்ல, பாக்கி நிற்கிற தூக்கம். தூக்கம் வரவில்லை என்று மதுவைத் தொட்டால் கதை கெட்டது. மது மயக்கும், ஆனால் நல்ல தூக்கத்தைத் தராது.

தாகம் — சிரிப்புக் கதையில் ஒளிந்திருந்த நோய்

இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு தண்டல் வந்தார். தோணியை நடத்துகிற தலைவருக்குத்தான் தண்டல் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். கூடவே அவர் தோணியில் சமைக்கிற பண்டாரியும் வந்திருந்தார். அந்த சீசனின் பெரிய வேடிக்கையே தண்டல்தானாம்.

"ஐயா, இவரு ஒருத்தரே தண்ணிப் பீப்பாயைக் காலி பண்ணிட்டாரு. நாங்க எட்டுப் பேரும் இவருக்குப் பயந்து தண்ணியை ஒளிச்சு வச்சோம்!" என்று பண்டாரி சொல்ல, தண்டலும் சேர்ந்து சிரித்தார். "கடல் சூடு ஐயா, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ராத்திரி எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நாலு, அஞ்சு தடவை என்றார். காலைப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். கயிறு அறுத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். "உப்புத் தண்ணி பட்டா ஆறிடும்னு விட்டுட்டேன். வலியே இல்லை ஐயா" என்றார். வலி இல்லை என்று அவர் சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது.

இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை மிக அதிகம். பண்டாரி வெளியே போனதும் தண்டல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதலாளிக்குத் தெரியவேண்டாம் ஐயா. சீக்காளின்னு தெரிஞ்சா வர்ற சீசன்ல தோணி தரமாட்டாவ. ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு" என்றார்.

நோயாளியின் ரகசியத்தை வைத்தியர் வெளியே சொல்லமாட்டார் என்று அவருக்கு உறுதி கொடுத்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். புண்ணுக்கு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், சர்க்கரைக்கு அங்கே கொடுக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, வீட்டம்மாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும். உணவும் உடம்பைத் தேற்றும் முறையும் நான் பார்த்துக்கொண்டேன். கச்சான் மாதங்கள் மூன்றும் அவருக்கு வரப்பிரசாதமாக அமைந்தன. புண் ஆறிற்று. இப்போது தோணியில் அவர் மாத்திரைப் பெட்டிக்குத் தனி இடம் உண்டு, காலில் எப்போதும் செருப்பும் உண்டு.

தாகத்தை அடக்குவது ஒரு கெடுதல் என்றால், அளவுக்கு மீறிய தாகத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது அதைவிடக் கெடுதல். மற்றவர்கள் கதை வேறு மாதிரி. நல்ல தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காகக் குறைவாகக் குடிப்பார்கள். சிறுநீர் மஞ்சளாகி, கடுத்து, பிறகு சிறுநீரகக் கல்லில் வந்து நிற்கும். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இழுக்கிற வலி என்றால் 'வாயு' என்று தள்ளிவிடாதீர்கள்.

பசியும் மலமும்

தோணி நிறைய வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப் போவார்கள். ஆனால் அது சரக்கு, தொடமாட்டார்கள். அவர்கள் தட்டில் சோறு, புளிக்குழம்பு, கருவாடு, உருளைக்கிழங்கு. உப்பு மிகுதி, நார்ச்சத்து குறைவு. ஆடுகிற தோணியில் மலம் கழிப்பதும் சிரமம் என்பதால் அந்த வேகத்தையும் அடக்குவார்கள். மலச்சிக்கலும் மூலமும் இரத்தக்கொதிப்பும் கூடவே கரையேறும்.

கடல் சாப்பாட்டின் கொடுமை இன்று நேற்று வந்ததல்ல. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த வாஸ்கோ ட காமா, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இங்கே வர 23 நாள்தான் எடுத்துக்கொண்டார். பருவக்காற்று சாதகம். திரும்பும்போது பருவத்துக்குக் காத்திராமல் எதிர்க்காற்றில் கிளம்பினார். அதே கடலைத் தாண்ட மூன்று மாதம் ஆயிற்று. ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, சுமார் 30 பேர் இறந்துபோனார்கள். பழமும் காயும் இல்லாததால் வந்த ஸ்கர்வி நோய் அது.

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 'ஸால்ஸ்பரி' கப்பலில் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இரண்டு பேர்தான் சட்டென்று தேறினார்கள். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க ஆரம்பித்தது 1795-இல்தான்!

நம் தோணிப் பயணம் சில நாள்தான். ஸ்கர்வி வராது. ஆனாலும் ஒரு பை எலுமிச்சம்பழமும் நெல்லிக்காயும் ஏற்றிக்கொள்ள என்ன செலவாகிவிடும்?

வாந்தி

முதல் சீசன் பையன்களை வைத்துத்தான் அதிகக் கேலி. "குடலே வெளிய வந்துரும்னு நெனச்சான்" என்பார்கள். கடல் ஒவ்வாமை கோழைத்தனம் அல்ல. கண் ஒன்றைச் சொல்கிறது, உள்காது வேறொன்றைச் சொல்கிறது, மூளை குழம்புகிறது. தோணியின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடங்கும். இஞ்சித் துண்டை மென்று சாற்றை விழுங்கலாம், சுக்குக் கஷாயம் குடிக்கலாம். வரும் வாந்தியை வெட்கப்பட்டு அடக்க வேண்டாம். பிறகு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். எதுவும் தங்கவில்லை, சிறுநீரும் இறங்கவில்லை என்றால், கரையேறியவுடன் முதல் வேலை மருத்துவமனைதான்.

கண்ணீர்

அறுபதை நெருங்கிய ஒரு மாலுமி, நெஞ்சை அடைக்கிறது என்று வந்தார். முதலில் ஈ.ஸி.ஜி. எடுத்து வரச் சொன்னேன். நெஞ்சு என்றால் அதுதான் முறை. இருதயத்தில் குறை இல்லை என்று பரிசோதனைகளில் தெரிந்தது. மறுமுறை மனைவியுடன் வந்தார். சீசன் கதைகளைச் சளைக்காமல் சொன்னார். கடைசியில் நான்தான், "வீட்டில் எல்லோரும் சுகமா?" என்றேன்.

மனைவி தரையைப் பார்த்தார். மாலேயில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது இவருடைய தாயார் இறந்த சேதி போயிருக்கிறது. திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "தோணியில அழக்கூடாது ஐயா. சின்னப் பயலுவ பயந்துருவானுவ" என்றார். கரைக்கு வந்தும் அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பறக்கும் மீன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று என் எதிரில் உட்கார்ந்து அழுதார். கால்மணி நேரம் இருக்கும். நான் மருந்து எதுவும் எழுதவில்லை. "அம்மாவைப் பற்றி தினமும் வீட்டில் கொஞ்சம் பேசுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பதினான்கு வேகங்களில் கண்ணீரையும் ஒன்றாகச் சேர்த்த பெரியவர்களை அன்று மனசுக்குள் கும்பிட்டேன்.

வீட்டார் செய்ய வேண்டியவை

மாலுமி வீடு என்றில்லை, லாரி ஓட்டுகிறவர், வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வருகிறவர் இருக்கிற வீடுகளுக்கும் இவை பொருந்தும்.

1. வந்த முதல் வாரம் தூங்க விடுங்கள். கல்யாணம், காதுகுத்து, கடன் விவகாரம் எல்லாம் பிறகு. பகல் முழுக்கத் தூங்காமல் ராத்திரித் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்குங்கள்.

2. எண்ணெய் முழுக்கு. நான்கு நாளைக்கு ஒருமுறை என்றார் தேரையர். வாரம் ஒன்றாவது நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கட்டும். உப்புக் காற்றில் வறண்ட தோல் தேறும். காய்ச்சல், சளி உள்ளவர்களுக்கு வேண்டாம்.

3. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் விடுமுறை கொடுங்கள். கீரை, பூசணி, வாழைத்தண்டு, மோர் தாராளமாக. மலச்சிக்கலுக்குத் திரிபலா சூரணம் நல்லது. அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கால் விரல் இடுக்கு, பாதம் இரண்டையும் நீங்களே பாருங்கள். வலிக்காத புண்தான் ஆபத்தான புண். வெயிலும் உப்புக் காற்றும் பட்டு கண்ணின் ஓரத்தில் சதை வளர்ந்திருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

5. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு சர்க்கரை, இரத்தக்கொதிப்பு இரண்டையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். செப்டம்பரில் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். ஜூன் மாதமே பார்த்தால்தான் சரிசெய்ய அவகாசம் இருக்கும்.

6. சீசன் கதையை ஆசையாகக் கேளுங்கள். காற்றையும் மீனையும் பற்றிச் சொல்லி முடிக்கட்டும். பிறகு, "அப்போ சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா? யாரை நெனச்சீங்க?" என்று கேளுங்கள். வைத்தியரிடம் மறைப்பதைக்கூட வீட்டில் இப்படிக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.