இரவல் இடமும் கைம்மாறும்

வீட்டுக் கணினி ஒன்று பழுதடையுமாயின், அதிலுள்ள கடிதங்களும் கணக்குகளும் நிழற்படங்களும் அதனோடு மறைந்துவிடக்கூடும். ஆதலின் அவற்றின் பிரதிகளை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். வாடகைக் களஞ்சியத்தை நாடாது, பலர் தத்தம் கணினிகளில் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தால் என்ன?

எண்ணம் நன்று; மனித இயல்போ வேறு. நியூட்டெல்லா என்னும் கோப்புப் பகிர்வு வலையமைப்பை 2000 ஆம் ஆண்டில் அடார், ஹூபர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் ஆராய்ந்தனர். அதிற் சேர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் கோப்பு எதனையும் பிறருக்கு வழங்கவில்லை எனக் கண்டனர். அங்கு கொடாதவரால் விளையும் கேடு சிறிது. சேமிப்பிலோ, காப்பதாகக் கூறிவிட்டு அழித்துவிடுபவர், மற்றவரின் கடைசிப் பிரதியையே அழித்தவராகலாம்.

இதற்கு மாற்றாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொக்ஸ், நோபிள் என்போர் 2003 இல் ஓர் அமைப்பை வகுத்து, அதற்குச் 'சம்சாரா' எனப் பெயரிட்டனர். கந்தையாவின் பதிவுகளைச் செல்லத்துரை தம் கணினியிற் காப்பாராயின், அதே அளவினதான உரிமைச் சீட்டொன்றைக் கந்தையா தம் கணினியில் இருத்தல் வேண்டும். அச்சீட்டு பொருளற்ற எழுத்துக்களின் குவியலே. எனினும் அதனைச் சுருக்கி வைத்தல் இயலாது. பிறர் இடத்தைக் கொண்டவர் தம் இடத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

பதிவுகள் உண்மையிற் காக்கப்படுகின்றனவா என அறிவது எங்ஙனம்? உரியவரின் கணினி அவ்வப்போது புதியதோர் எண்ணை அனுப்பும். அவ்வெண்ணையும் பதிவையும் சேர்த்துக் கணித்தாலன்றிச் சரியான விடை கிடையாது. பதிவை அழித்தவரால் விடையளிக்க முடியாது.

விடையளிக்காதவரை உடனே தண்டிக்கலாமோ? ஆகாது. மின்சாரம் தடைப்பட்டவரும் கணினி பழுதுற்றவரும் விடையளியார். அன்றைக்குத் தம் பிரதியை நாடி நிற்பவரும் அவரே. ஆகையால், விடை தவறுந்தோறும் அவருடைய பதிவின் சிற்சில துண்டுகளை மாத்திரம் திருவுளச்சீட்டு முறையிற் களைவதே சம்சாராவின் விதியாகும். பிரதிகள் பலவிடங்களில் உள்ளமையால், சிறிது காலம் தவறியவர் மீண்டுகொள்வார். ஓயாது ஏய்ப்பவர் நாளடைவில் யாவற்றையும் இழப்பார்.

ஈகையை மாத்திரம் நம்பிய பொதுக் களஞ்சியம் நிலைபெறாது. ஆயினும், ஏய்ப்பவரையும் இடருற்றவரையும் ஒரே நாளில் ஒரே தட்டில் நிறுக்கும் விதி, களஞ்சியம் எதன்பொருட்டு ஏற்பட்டதோ அதனையே கெடுத்துவிடும்.