ஹனோயிலிருந்து வியந்தியான்: மலிவுப் பேருந்தில் இருவர்

வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கும் லாவோஸின் தலைநகர் வியந்தியானுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 480 கிலோமீட்டர்தான். விமானம் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடும். பேருந்துக்கோ ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. அன்னாம் மலைத்தொடர் இரு நாடுகளுக்கும் குறுக்கே நிற்பதால், பேருந்து முதலில் சமவெளியிலேயே தெற்கே 300 கிலோமீட்டர் ஓடி வின் நகரை அடைகிறது. பிறகு மேற்கே திரும்பி மலையேறி, காவ் ட்ரியோ எல்லைச் சாவடியைக் கடந்து லாவோஸுக்குள் இறங்குகிறது. முதுகுப்பையோடு மாதக்கணக்கில் ஊர் சுற்றும் இளைஞர்கள் இதற்கு ‘நரகப் பேருந்து’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அதில் ஆட்கள் ஏறாத நாள் இல்லை. கட்டணம் குறைவு, இரவு முழுக்க வண்டியிலேயே கழிவதால் ஓர் அறை வாடகையும் மிச்சம்.

இப்படி ஏறுகிறவர்களில் பலர் இருவராக வருகிறார்கள்: நண்பர்கள், காதலர்கள், புதிதாக மணமானவர்கள். ஊரில் ஒருநாளும் முகம் சுளிக்காதவர்கள்கூட இந்தப் பயணத்தின் பாதியில் பேச்சை நிறுத்திக்கொள்வது உண்டு. இதைக் குணக்கோளாறு என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் சண்டைக்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பேருந்துத் தொழில் நடக்கும் முறையிலேயே இருக்கிறது.

தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில்தான் பயணச்சீட்டு வாங்கப்படும். விடுதிக்காரர் ஒரு முகவரிடம் சொல்வார். முகவர் பேருந்துக்காரரிடம் இடம் பிடிப்பார். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தரகு தங்கும். அதனால் ஒரே வண்டியில் அடுத்தடுத்துப் படுத்திருப்பவர்கள் வெவ்வேறு விலை கொடுத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், வாக்குறுதி கொடுத்தவர் ஒருவர், வண்டி ஓட்டுகிறவர் வேறொருவர் என்பது. மேசையில் காட்டிய படத்தில் அகலமான படுக்கையும் கழிப்பறையும் இருக்கும். வாசலில் வந்து நிற்பது வேறு வண்டியாக இருக்கலாம். அங்கே கேள்வி கேட்க ஆள் கிடையாது. கோபம் போய்ச் சேர ஒரே இடம்தான் பாக்கி: பக்கத்தில் நிற்கும் துணை. “நான் அப்பவே சொன்னேன்ல?” என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

பேருந்துக்காரருக்குப் பயணியின் கட்டணம் வருமானத்தில் ஒரு பகுதி மட்டுமே. அடித்தட்டில் அட்டைப்பெட்டிகள், மூட்டைகள், சில நேரம் மோட்டார் சைக்கிள்கூட ஏறும். வழியில் கை காட்டுகிறவர்களை ஏற்றிக்கொண்டு, நடைபாதையில் பாய் போட்டுப் படுக்கவைப்பதும் உண்டு. ஆகவே இருட்டில் ஏதோ ஒரு கிடங்கின் முன் முக்கால் மணி நேரம் வண்டி நிற்பது அவருக்குத் தாமதம் அல்ல, சம்பாத்தியம். சீட்டு வாங்கியவர் ஒரு நேரத்துக்கு விலை கொடுத்ததாக நினைக்கிறார். அவருக்குக் கிடைத்திருப்பது ஓர் இடம் மட்டுமே. எப்போது போய்ச் சேரும் என்ற நிச்சயமின்மையையும் அவரே சுமக்க வேண்டும். மலிவின் அடிப்படையே இதுதான். இது தெரியாத இருவர், அந்த நிச்சயமின்மைக்கு ஒருவரையொருவர் பொறுப்பாக்குகிறார்கள்.

வியட்நாமின் படுக்கைப் பேருந்து தமிழ்நாட்டு ‘ஸ்லீப்பர்’ போன்றது அல்ல. நீளவாக்கில் மூன்று வரிசை, மேலும் கீழுமாக இரண்டு தட்டு, மொத்தம் சுமார் நாற்பது படுக்கை. ஒவ்வொன்றும் தனி ஆளுக்கு. முழுவதும் சாய்ந்து படுக்க முடியாது. முதுகு சற்று நிமிர்ந்தே இருக்கும். கால்கள் முன்னால் படுத்திருப்பவரின் முதுகுக்கு அடியிலுள்ள ஒரு பெட்டிக்குள் போகும். உள்ளூர்க்காரரின் சராசரி உயரத்துக்கு அது போதும். ஆறடி ஆள் முழங்காலை மடக்கியபடியே விடியும்வரை கிடக்க வேண்டும். இருவரில் ஒருவர் குள்ளம், ஒருவர் உயரம் என்றால், ஒருவர் நன்றாகத் தூங்கி எழுவதும் மற்றவர் கண் சிவக்க உட்கார்ந்திருப்பதும் நடக்கும். காலையில் முதல் முடிவை இந்த இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும். தூக்கம் கெட்டவரின் பொறுமை குறைந்திருக்கும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த விஷயம். துணையோ அதைத் தன்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்வார்.

ஏறும்போதே செருப்பைக் கழற்றி, தரப்படும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நடு இரவில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது வாசலில் பொதுச் செருப்புகள் ஒரு குவியலாக வைக்கப்படும்; கிடைத்ததை மாட்டிக்கொண்டு இறங்கலாம். வண்டிக்குள் கழிப்பறை இல்லாவிட்டால் இந்த நிறுத்தத்தைத் தவறவிடக் கூடாது. அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்கு இது வெறும் அசௌகரியம் அல்ல. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவது தலைவலியிலும் சிறுநீர்த் தொற்றிலும் முடியக்கூடும்.

சாப்பாட்டு மேசையிலும் இருவர் பிரிவது உண்டு. ஒருவர் சைவம் என்றால் இரவு நிறுத்தத்தில் வெறும் சோறும் வேகவைத்த கீரையும்தான் மிஞ்சும். அந்தக் கீரையிலும் மீன் சாறு கலந்திருக்கலாம். ‘சாய்’ என்பது அங்கே சைவ உணவுக்கான சொல். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், சைவம் சாப்பிடுவதால் நகரங்களில் இந்தச் சொல் எல்லோருக்கும் புரியும். நெடுஞ்சாலைக் கடையில் அதை நம்பி இறங்க முடியாது. பழமும் ரொட்டியும் ஹனோயிலேயே வாங்கி வைத்துக்கொள்வதே சரி.

எல்லைதான் இந்தப் பயணத்தின் கடினமான பகுதி. மாலையில் புறப்படும் வண்டி விடிவதற்குள்ளேயே காவ் ட்ரியோவை நெருங்கிவிடும். ஆனால் சாவடி காலையில்தான் திறக்கும். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஓட்டுநர் தூங்குவார். மலைக்குளிர் உள்ளே வரும். திறந்ததும் எல்லோரும் இறங்கி, வியட்நாம் பக்கம் வெளியேறும் முத்திரை வாங்கிக்கொண்டு, லாவோஸ் பக்கத்து நாம் ஃபாவ் சாவடிவரை நடக்க வேண்டும். சரக்குச் சோதனைக்காக வண்டி தனியாகப் போகும். பெரிய பை அந்த வண்டியில், பயணி சாலையில். தொலைந்துவிடுமோ என்ற பயம் சேர்ந்துகொள்ளும் இந்த நேரத்தில், துணை அருகில் இருப்பது உண்மையாகவே பெரிய பலம். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் வண்டியைக் கண்ணில் வைத்திருக்கலாம்.

விசா விஷயத்தில் நேரும் தவறு இங்கேதான் வெளிப்படும். 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரையிலான மின்விசா தருகிறது. எந்த வாயில் வழியாக நுழைவோம் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். விமான நிலையத்தைக் குறித்துவிட்டு எதிர்த்திசையில் லாவோஸிலிருந்து தரைவழியாக வருகிறவர் தடுத்து நிறுத்தப்படலாம். இருவருக்கும் சேர்த்து ஒருவரே படிவம் நிரப்பியிருந்தால் பழி முழுக்க அவர் தலையில். ஆளுக்கொரு படிவம் நிரப்பி, ஒருவர் மற்றவருடையதைச் சரிபார்ப்பது பத்து நிமிட வேலை.

தாய்லாந்து–கம்போடியா எல்லையில் அரண்யப்ரதேத், பொய்பெட் வழியாக பாங்காக்கிலிருந்து சியெம் ரீப் செல்லும் பாதையில் இன்னொரு வகைத் தொல்லை நெடுங்காலம் இருந்தது. சாவடிக்குச் சற்று முன்னாலேயே வண்டியை நிறுத்தி, “விசா அலுவலகம் இதுதான்” என்று ஒரு கடையைக் காட்டுவார்கள். 30 டாலர் சுற்றுலா விசாவுக்கு அங்கே கணிசமாகக் கூடுதலாகக் கேட்பார்கள். கொடுத்துத் தொலைப்போம் என்பார் ஒருவர். ஒரு காசு தரமாட்டேன் என்று நிற்பார் மற்றவர். தரகருக்கு இந்தப் பிளவே முதல். கூட்டமாக நிற்பவர்களில் அவர் இளகிய முகத்தைத் தேடிப் போய்ப் பேசுவார். (2025-இல் இரு நாட்டுப் படைகளும் மோதியதை அடுத்து இந்த எல்லை பயணிகளுக்கு மூடப்பட்டது. போகிறவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டறிய வேண்டும்.)

பணம் பற்றி இருவரும் புறப்படுமுன் பேசிக்கொள்ளாதது பல சச்சரவுகளுக்கு வேர். “செலவைக் குறைப்போம்” என்று இருவரும் சொல்லியிருப்பார்கள். ஒருவருக்கு அது எதிலும் மிக மலிவானது. மற்றவருக்கு வீண் செலவு வேண்டாம் என்பது மட்டும். 24 மணி நேரம் உடல் நொந்த பின் வியந்தியானில் இறங்கும்போதுதான் இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வரும். பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. வாசலில் நிற்கும் மூன்று சக்கர வண்டிக்காரர் கேட்கும் விலை உள்ளூர் விலையைவிட அதிகம். பேரம் பேச ஒருவருக்குத் தெம்பு இல்லை. விட்டுக்கொடுக்க மற்றவருக்கு மனமில்லை. அந்த வாக்குவாதம் இரண்டு டாலருக்காக நடப்பதில்லை. முந்தைய நாள் முழுவதும் அதில் இருக்கிறது.

நோட்டுகளும் குழப்பும். வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் நீல நிறம். மங்கிய வெளிச்சத்தில் ஒன்றை மற்றொன்றாகக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பொதுச் செலவுக்கென்று இருவரும் சம அளவு போட்டு ஒரு தனிப் பையில் வைத்திருப்பது, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற மனக்கணக்கைக் குறைக்கும். பெரிய நோட்டுகள் அந்தப் பையில் இருக்கக் கூடாது.

மலைப்பாதையில் பலருக்கு வாந்தி வரும். உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத பேருந்துக் கூரையைக் காண்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தொடங்கியபின் போட்டால் பலன் குறைவு. பின்பக்கம் அதிகம் குலுங்கும், மேல்தட்டு அதிகம் ஆடும். சீட்டு வாங்கும்போதே முன்பக்கக் கீழ்ப்படுக்கைகளைக் கேட்கலாம். எளிதில் குமட்டல் வருகிறவர் அதைத் துணையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நள்ளிரவில் இருவரும் அவதிப்படுவார்கள்.

இந்த வட்டாரத்தின் எல்லாப் பாதையும் இப்படியே நீடிக்கவில்லை. வியந்தியானிலிருந்து லுவாங் ப்ரபாங்குக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல் ஆகும். 2021 டிசம்பரில் லாவோஸ்–சீன ரயில்பாதை திறந்தபின் அதே தூரம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி முடிகிறது. 2024 ஜூலையில் பாங்காக்கிலிருந்து வியந்தியானுக்கு நேரடி இரவு ரயிலும் தொடங்கியது. ஹனோய்–வியந்தியான் இடையேயோ இன்னும் ரயில் கிடையாது. முன்கூட்டி வாங்கும் விமானச் சீட்டுக்கும் பேருந்துச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, வழிச்செலவையும் மிச்சமாகும் அறை வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சில நேரம் அந்த வித்தியாசம் மிகச் சிறியதாக இருக்கும். பேருந்துதான் என்றால், இடையில் வின் நகரில் இறங்கி ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் எல்லை கடப்பது உடலுக்கும் உறவுக்கும் நல்லது.

நாளும் பார்க்க வேண்டும். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையே ‘டெட்’ எனப்படும் வியட்நாமியப் புத்தாண்டு வருகிறது. அப்போது நாடே ஊர் திரும்பும், கட்டணம் ஏறும், நடைபாதையும் நிரம்பும். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் நடுவில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றிலும் புத்தாண்டு. ஊருக்குப் போகும் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் அந்த வாரம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் இருக்கும். அந்நாட்களில் எல்லை கடக்கும் பேருந்தில் அடுத்தடுத்து இரண்டு படுக்கை வேண்டுமானால் பல நாள் முன்பே சீட்டு வாங்கிவிட வேண்டும்.